ஐஸ் ஹாக்கில பெஸ்ட் டிஃபென்ஸ்மேன் யாருன்னு எப்படி பாக்கறது

திருப்பூர்ல எக்ஸ்போர்ட் வேலைல இருக்கற எங்க செட்டு ஐஸ் ஹாக்கி பாக்க ஆரம்பிச்சதுக்கு டைமிங்தானுங்க காரணம். மே மாசம் வேர்ல்ட் சாம்பியன்ஷிப் ஸ்விஸ், ஜெர்மனி பக்கட்டு நடந்தா அங்க சாயங்காலம் 4:20 மேட்ச் நமக்கு ராத்திரி 7:50, அங்க 8:20 மேட்ச் நமக்கு 11:50, பையர் மெயிலுக்கு பதில் போட்டுட்டே பாத்துரலாம். ஆனா டோர்னமெண்ட் முடிஞ்சு பெஸ்ட் டிஃபென்ஸ்மேன் யாருன்னு பேச்சு வந்தா போதும், உடனே போன எடுத்து பாயிண்ட் பட்டியல்ல (கோலும், கோலுக்கு பாஸ் குடுத்த அசிஸ்டும் சேத்த கணக்கு) எந்த டிஃபென்ஸ்மேன் மேல இருக்கான்னு பாத்து அவன் பேர சொல்லிட்டு போயிடறாங்க. கோல் தடுக்கற வேலைக்கு கோல் அடிச்ச கணக்க வெச்சு மார்க் போட்டா என்னங்க நியாயம் அது? அதான் நான் எப்படி பாக்கறேங்கறத ஒட்டுக்கா எழுதிடறனுங்க.

புதுசா பாக்கறவங்களுக்கு சித்த அடிப்படை. ஐஸ் மேல ஒரு டீமுக்கு கோலியோட (கோல் காக்கறவரு) சேத்து ஆறு பேரு, அதுல ரெண்டு பேரு டிஃபென்ஸ்மேன். எறங்குனா முக்கா நிமிஷம் போல ஆடிட்டு பெஞ்சுக்கு திரும்பிருவாங்க, அதுக்கு பேரு ஷிஃப்ட். 60 நிமிஷ மேட்ச்ல முதல் ஜோடி 22, 25 நிமிஷம்கூட ஐஸ்ல இருக்கும்.

விருது ரெண்டு பக்கமிருந்து வருதுங்க, இத கலந்துக்க கூடாது. பெஸ்ட் கோலி, பெஸ்ட் டிஃபென்ஸ்மேன், பெஸ்ட் ஃபார்வர்டு இந்த மூணையும் வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ல 1954ல இருந்து டோர்னமெண்ட நடத்தற குழுவான டைரக்டரேட் குடுக்குது. ஆல் ஸ்டார் டீம பத்திரிகைக்காரங்க ஓட்டு போட்டு எடுக்கறாங்க. ரெண்டும் ஒத்துப் போகணும்னு இல்ல. 2006 டூரின் ஒலிம்பிக்ஸ்ல டைரக்டரேட் ஸ்வீடனோட கென்னி யான்சன பெஸ்ட் டிஃபென்ஸ்மேன்னு சொல்லுச்சு, பத்திரிகைக்காரங்க ஆல் ஸ்டார்ல ஸ்வீடனோட இன்னொரு டிஃபென்ஸ்மேன் லிட்ஸ்ட்ராமையும் ஃபின்லாந்து டிமோனனையும் போட்டாங்க. ஃபைனல்ல மூணாவது பீரியட் தொடங்கி பத்தே செகண்டுல வெற்றி கோல் அடிச்சது லிட்ஸ்ட்ராம்தான், அதுதான் எல்லார் கண்ணுலயும் நின்னுச்சு, ஆனா டோர்னமெண்ட் பூராவும் அலட்டாம ஆடுன யான்சனுக்கு விருது போச்சு. தெனமும் ரிங்க்ல உக்காந்து பாக்கறவங்களுக்குள்ளயே இவ்வளவு வித்தியாசம் வருதுன்னா நம்ம கண்ணையும் பழக்கணுமுங்க.

பழக்கறதுக்கு ஒரே வழிதான். பக்க (அதாவது ஸ்டிக்கால அடிக்கற ரப்பர் வட்ட) பாக்காதீங்க, ஆள பாருங்க. ஒரு பீரியட் பூரா ஒரே டிஃபென்ஸ்மேன புடிச்சுக்கோங்க, அவன் ஐஸ்ல எறங்குனதுல இருந்து பெஞ்சுல ஏறற வரைக்கும் கண்ண எடுக்காதீங்க. டிவி கேமரா பக் பின்னாடியே ஓடும், அதனால அவன் ஃப்ரேமுக்கு வெளில போயிருவான், பரவால்ல, திரும்ப வரும்போது எங்க நிக்கறான்னு பாருங்க. கோபி பக்கம் கபடி டோர்னமெண்ட்ல ரைடு போறவன பாத்து ஊரே கத்திட்டு இருக்கும்போது ஆட்டம் தெரிஞ்ச பெருசுங்க கார்னர்ல நிக்கறவனோட கால பாத்துட்டு இருப்பாங்கல்ல, அதே பார்வைதானுங்க இங்கயும் வேணும்.

மொத பாக்கவேண்டியது இடைவெளி. எதிராளி பக்கோட வேகமா வர்றான், டிஃபென்ஸ்மேன் பின்பக்கமா ஸ்கேட் பண்ணிட்டே போறான், ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்குன்னு பாருங்க. ஒரு ஸ்டிக் நீளத்துக்குள்ள வெச்சுகிட்டு தன் ஏரியா தொடங்கற ப்ளூ லைன் கிட்டயே மறிச்சு, வேற வழியில்லாம பக்க கடோசிக்கு தாட்டிவிட வெச்சுட்டான்னா அது முழு மார்க். தூரம் அதிகமா விட்டு பின்னாடியே போயிட்டு இருந்தா எதிராளி உள்ள வந்து சாவகாசமா ஷாட் அடிப்பான், கோலி புடிச்சுட்டா யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா நீங்க குறிச்சு வெச்சுக்கோங்க.

அப்புறம் ரெண்டு பேரு சேந்து வந்து இவன் ஒத்தையா மாட்டற நேரம். இத ரிவைண்டு பண்ணியாவது பாருங்க, ஒரு டிஃபென்ஸ்மேனோட புத்தி மொத்தமும் இதுல தெரிஞ்சுரும். நல்லவன் பக் வெச்சிருக்கறவன் மேல பாய மாட்டான், ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு ஸ்டிக்க ஐஸோட ஐஸா படுக்க வெச்சு பாஸ் போற வழிய அடைப்பான், ஷாட்ட கோலி பாத்துக்கட்டும்னு விட்டுருவான். அப்படியே மெதுவா ஓரத்துப் பக்கம் தள்ளி, அடிச்சாலும் நேரா அடிக்க முடியாத கோணத்துக்கு கொண்டு போயிருவான். பதட்டப்படறவன் முன்னாடியே படுத்துருவான், எதிராளி ஒரு நொடி பொறுத்து சைடுல தள்ளிவிட்டா காலி கோல்தான். விழுந்து தடுத்தா டிவில கைதட்டல் வரும், ஆனா பத்து தடவைல எத்தன தடவ அவன் நின்னுட்டே தடுத்தான்னு பாருங்க.

ஷாட் பிளாக் எண்ணிக்கைய வெச்சு ஏமாந்துராதீங்க. தைரியமான வேலைதான், மரியாதை உண்டு. ஆனா ஒருத்தன் மேட்ச்சுக்கு மேட்ச் நெறைய பிளாக் பண்றான்னா அவன் இருக்கும்போது பக் அவன் ஏரியாலயே கெடக்குதுன்னும் அர்த்தம்.

மூணாவது, பக் கைக்கு வந்ததும் என்ன பண்றான். தன் கோல் பின்னாடி பக் எடுக்க திரும்பறான், முதுகுல இடிக்க ஒருத்தன் வர்றான், அந்த அரை செகண்டுல தலைய திருப்பி பாத்துட்டு நேரா ஃபார்வர்டு ஸ்டிக்குக்கு பாஸ் குடுத்தான்னா ஆபத்து முடிஞ்சு அட்டாக் ஆரம்பிச்சிருச்சு. கண்ண மூடிகிட்டு ரிங்க் ஓரத்து சுவரான போர்டுல அடிச்சு வெளிய விட்டா பக் திரும்ப எதிராளி கைக்குத்தான் போகும். என்னைய கேட்டா பாதி மார்க் இந்த முதல் பாஸுக்கே போட்டுருவனுங்க, பவர் ப்ளேல (எதிராளில ஒருத்தன் பெனால்டில வெளிய உக்காந்திருக்கற நேரம்) அடிக்கற கோலுக்கு இல்ல.

இப்ப கணக்குக்கு வருவோம். ப்ளஸ் மைனஸ் எல்லாரும் சொல்ற நம்பர், ஒருத்தன் ஐஸ்ல இருக்கும்போது டீம் கோல் அடிச்சா ப்ளஸ், வாங்குனா மைனஸ், ஆனா அதுல ஓட்டை இருக்கு. பவர் ப்ளேல அடிச்ச கோலு ப்ளஸ்ல சேராது, பெனால்டி கில்ல (நம்ம ஆளு பெனால்டில வெளிய போய் ஆள் கொறஞ்ச நேரம்) வாங்குன கோலு மைனஸ்லயும் சேராது, அப்ப பெனால்டி கில் ஸ்பெஷலிஸ்டோட வேலை அந்த நம்பர்ல பெரும்பாலும் தெரியாது. கடோசி நிமிஷத்துல பின்னாடி இருக்கற டீம் கோலிய வெளிய எடுத்துட்டு கூட ஒரு ஆள எறக்கி ஆடும்போது காலி கோல்ல வாங்குனா ஐஸ்ல இருந்தவங்களுக்கெல்லாம் மைனஸ், அந்த நேரம் ஐஸ்ல இருக்கறது பெரும்பாலும் டீமோட நல்ல ஆளுங்கதான். ஒலிம்பிக்ஸ்ல கடோசி வரைக்கும் போற டீமுக்கே ஆறேழு மேட்ச்தான், வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ல ஃபைனல் வரைக்கும் போனா பத்து. இவ்வளவு கொஞ்ச மேட்ச்ல ஒரு 8-0 வந்தா போதும், நம்பர் ஏறிக்கும். அதுக்கு பதிலா ஐஸ் டைம பாருங்க, ஐஐஹெச்எஃப் (சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம்) தளத்துல மேட்ச்சுக்கு மேட்ச் கெடைக்கும். கோச் யார நம்புறாருன்னு அதுல ஒளிக்க முடியாது.

இதெல்லாம் ஒரே எடத்துல மோதுனது 2014 சோச்சி ஒலிம்பிக்ஸ்லதான். கனடா ஆறு மேட்ச்ல மொத்தமே மூணு கோல்தான் வாங்குச்சு, செமில அமெரிக்காவ 1-0, ஃபைனல்ல ஸ்வீடன 3-0. அப்படி ஒரு டிஃபென்ஸ் வெச்சிருந்தும் பெஸ்ட் டிஃபென்ஸ்மேன் விருது ஸ்வீடன் எரிக் கார்ல்சனுக்கு போச்சு, ஆறு மேட்ச்ல 4 கோல் 4 அசிஸ்ட். செமில ஃபின்லாந்த ஜெயிக்க வெச்ச கோலும் அவரோடதுதான், அத கொறச்சு சொல்ல மாட்டேன். ஆனா என் ஓட்டு கனடாவோட ட்ரூ டவ்டிக்குத்தானுங்க. ஃபின்லாந்தோட 2-1 மேட்ச்ல ரெண்டு கோலும் அவரு அடிச்சதுதான், அதுல ஒண்ணு ஓவர்டைம்ல, அதுக்கு மேல எதிராளிக்கு வழியே விடாத டீம்ல முக்கியமான நிமிஷமெல்லாம் அவரு ஐஸ்ல இருந்தாரு. கனடாக்காரங்களுக்கு இதுல ஒரு சங்கடம் உண்டு, கீத், வெபர், டவ்டி, பியட்ராஞ்சலோ, விளாசிக்னு எல்லாரும் நல்லா ஆடும்போது பேரு பிரிஞ்சு போயிரும், யாரும் தனியா தெரிய மாட்டாங்க. ரிங்க் அளவையும் மறந்துராதீங்க. சோச்சில ஐஸ் 30 மீட்டர் அகலம், வான்கூவர் 2010 ஒலிம்பிக்ஸ்ல என்ஹெச்எல் (வட அமெரிக்க லீக்) அளவு, கிட்டத்தட்ட 26 மீட்டர். அகலமான ஐஸ்ல கார்ல்சன் மாதிரி ஸ்கேட்டிங் உள்ளவனுக்கு எடம் கெடைக்கும், குறுகலான ஐஸ்ல ஒடம்ப வெச்சு ஆடறவனுக்கும் ஷாட் பலம் உள்ளவனுக்கும் லாபம். அதே வான்கூவர்ல ஷியா வெபர் ஜெர்மனியோட அடிச்ச ஒரு ஷாட் வலைய கிழிச்சுட்டு அந்தப் பக்கட்டு போயிருச்சு, ஆட்டம் தொடர்ந்துச்சு, அப்புறம் வீடியோ பாத்துத்தான் கோல்னு குடுத்தாங்க.

தோத்த டீம்ல இருக்கறவன தள்ளி வெக்காதீங்க. 2017 வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ல ஜெர்மனி குவார்ட்டர் ஃபைனல்லயே கனடாகிட்ட 2-1னு தோத்து வெளிய போயிருச்சு, ஆனா டைரக்டரேட் டென்னிஸ் சைடன்பெர்குக்குத்தான் விருது குடுத்துச்சு. 2021 ரீகால ஜெர்மனி நாலாவது எடம், மெடல் இல்ல, 20 வயசு மோரிட்ஸ் சைடர் பெஸ்ட் டிஃபென்ஸ்மேன். பலமில்லாத டீம்ல ஆடறவனுக்கு தெனமும் எதிராளியோட முதல் லைன்தான் வரும், தப்பு பண்ணா காப்பாத்த பின்னாடி ஆளும் கம்மி, அதனால அவன் பண்றதுக்கு ஒரு படி கூடுதல் மார்க் போடறது நியாயம்தான். வயசயும் பாக்காதீங்க, 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்காவோட கிறிஸ் செலியோஸ் 40 வயசுல விருது வாங்குனாரு, பாயிண்ட் பட்டியல்ல அவரு பேர மேல தேடுனா கெடைக்காது. ஃபெட்டிசோவ் வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ல அஞ்சு தடவ வாங்குனாரு, மொத தடவ 1978, கடோசி 1989, அவர் ஆடுன பழைய சோவியத் மேட்ச் வீடியோ கெடச்சா ஒரு பீரியடாவது பாருங்க, முதல் பாஸ்னா என்னன்னு புரியும்.

குரூப் மேட்ச்ல சின்ன டீமோட அடிச்ச பாயிண்டுக்கு நான் மார்க்கே போடறதில்ல. குவார்ட்டர் ஃபைனல்ல இருந்து வர்ற மேட்ச்சுக்கு ரெட்டிப்பு. அப்படியும் கடோசில ரெண்டு பேரு சமமா நின்னா, நாக் அவுட்ல ஒரு கோல் வித்தியாசத்துல முன்னாடி இருக்கற டீமோட கடோசி அஞ்சு நிமிஷத்த எடுத்து திரும்ப ஓட்டி பாருங்க, அதுல எத்தன ஃபேஸ் ஆஃபுக்கு (ரெஃபரி பக்க போட்டு ஆட்டத்த திரும்ப தொடங்கறது) தன் கோல் பக்கத்துல யார கோச் எறக்கி விடறாருன்னு எண்ணுங்க, அதிகம் எறங்குனவனுக்கே குடுத்துருங்க.