டேகேர்ல புள்ளைக்கு அடிபட்டா பேரண்ட்ஸ் பண்ற தப்புங்க

சேத்து ரெண்டு வாரம்கூட ஆகியிருக்காது, சாயங்காலம் கூப்பிட போனா கையில பல்லு தடத்தோட நிக்கும். "அங்க இருந்தவங்க என்னதான் பண்ணிட்டு இருந்தாங்க"ன்னு உடனே கோவம் வரும். முதல் தப்பே இதுதான். அவங்க பாத்துட்டேகூட இருந்திருக்கலாம், ஏன்னா கடிக்க ஒரு செகண்ட் போதும், பக்கத்துல இருக்கிறவங்க கைய நீட்டுறதுக்குள்ள முடிஞ்சிடும். ஒரு வயசுலேர்ந்து மூணு வயசு வரைக்கும் கடிக்கிறது ரொம்ப சகஜம், பொம்மைய புடுங்கினா திட்ட வார்த்தை வராது, பல்லுதான் வரும். வீட்ல ஒரே புள்ளைக்கு ரெண்டு பேர் இருந்தும் கட்டில்லேர்ந்து விழுதுல்ல?

அதனால ஒரு ஆளுக்கு எத்தன புள்ளைங்கன்னு கேளுங்க, ஆனா மத்தியானம் ஸ்டாஃப் சாப்பிட போற நேரத்துக்கும், சாயங்காலம் எல்லா ரூமையும் ஒண்ணா சேக்கிற நேரத்துக்கும் தனியா கேளுங்க. அட்மிஷன் அன்னிக்கு சொல்றது பெரும்பாலும் காலைல பத்து மணி கணக்கு.

கடிச்சது யாருன்னு நச்சரிக்காதீங்க. சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது, அடுத்த மாசம் கடிக்கிறது நம்ம புள்ளையா இருந்தா? எத்தன மணிக்கு, எந்த இடத்துல, அப்ப யாரு பக்கத்துல இருந்தாங்க, இனிமே என்ன மாத்துவீங்க, இத கேளுங்க. தோல் கிழிஞ்சிருந்தா சோப்பு தண்ணில கழுவிட்டு டாக்டர்ட்ட காட்டிடுங்க.

வர்ற வழியில "மிஸ் அடிச்சாங்களா"ன்னு விசாரிக்கிறது இன்னொண்ணு. நானும் கேட்டிருக்கேன், ஆமான்னுச்சு, சந்தேகத்துல டைனோசர் அடிச்சுதான்னு கேட்டேன், அதுக்கும் ஆமாதான்.

அதுக்காக "புள்ளைங்கன்னா அப்படித்தான்"னு எல்லாத்தையும் விட்றவும் கூடாதுங்க, அது இன்னும் மோசம். முட்டி, முழங்காலுக்கு கீழ, நெத்தின்னா ஓடுற புள்ளைக்கு வர்ற அடி. காது, கழுத்து, வயிறு, முதுகு பக்கம் கன்னிப்போயிருந்தாலோ, தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தைக்கு எங்க கன்னியிருந்தாலுமோ அன்னிக்கே டாக்டர்ட்ட போகணும். கேட்டுக்கு வெளிய போனது, வேன்ல மறந்து விட்டது, தெரியாத ஆளோட அனுப்பினது இதெல்லாம் ஆக்ஸிடென்ட்டே இல்ல, இடம் மாத்தும்போதெல்லாம் தலைய எண்ணலன்னு அர்த்தம், ஒரு தடவை நடந்தாலே நான் புள்ளைய அங்க விட மாட்டேன். தலைல அடின்னா உடனே ஃபோன் வந்தாகணும், சாயங்காலம் சொல்லிக்கலாம்னு வச்சிருக்கக்கூடாது. திரும்ப திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்புன்னா நேரா ஆஸ்பத்திரி.

கேமரால பாத்துட்டு நடுவுல கால் பண்றவங்க ஒண்ண யோசிங்க, உங்க கால எடுத்த மிஸ் அந்த நேரத்துல யாரையும் பாக்கல.

நம்ம பக்கத்து தப்பும் இருக்கு. நைட்டு வீட்ல விழுந்து புடைச்சத காலைல அவசரத்துல சொல்லாம விட்டா, மதியம் புள்ள சுருண்டு படுத்தா அவங்க சும்மா தூக்கம்னு நெனச்சுடுவாங்க. கழுத்து செயின், கயிறு வச்ச தொப்பி சட்டை போட்டு அனுப்பாதீங்க, சறுக்குமரத்துல மாட்டி கழுத்த இறுக்கிடும்.