இக்தியோசர் வரைய கட்லாவைப் பாருங்கள்

டைனோசர் காலத்துக் கடல் ஊர்வனவான இக்தியோசரை வரையும்போது, பலர் எலும்பின் மேல் தோலை இழுத்துப் போர்த்தியதுபோல் வரைந்துவிடுகிறார்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் கடையில் ஒரு முழு கட்லாவைத் தூக்கிப் பாருங்கள். முதுகு கருத்திருக்கும், வயிறு வெள்ளியாக மின்னும். உள்ளே இருக்கும் முள் வெளியே தெரியவே தெரியாது, அவ்வளவு சதை.

ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் ஊரில் கிடைத்த இக்தியோசர் புதைபடிவம் ஒன்றை ஆராய்ந்து விஞ்ஞானிகள் 2018இல் சொன்னதும் இதுதான்: வழுவழுப்பான தோல், அடியில் கொழுப்பு, மேலே கருமை, கீழே வெளுப்பு. முதுகுத் துடுப்பில் எலும்பே கிடையாது, எலும்புக்கூட்டை மட்டும் பார்த்து வரைந்தால் அது விட்டுப்போகும். அப்புறம் வால். மீனுக்குப்போலச் செங்குத்தாக வரையுங்கள், முதுகெலும்பு கீழ் மடலுக்குள் வளைந்து இறங்க வேண்டும். சுறாவுக்கு நேர் எதிர்.