ஜாங்கோவா, ரெயில்ஸா: ஒப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையச் செயலி எழுத உதவும் ஃபிரேம்வொர்க்குகளான (ஆயத்த நிரல் கட்டமைப்புகளான) ஜாங்கோவையும் ரூபி ஆன் ரெயில்ஸையும் ஒப்பிட்டு இளைஞர்கள் தயாரித்துக் கொண்டுவரும் அட்டவணைகளில், எங்கள் தலைமுறை செய்த பிழைகளே வரிசை மாறாமல் திரும்பி வருகின்றன. ஜாங்கோவின் பைத்தானும் ரெயில்ஸின் ரூபியும் வெவ்வேறு மொழிகள் என்பது போன்ற வெளிப்படையானவற்றை விட்டுவிடுகிறேன்.

வெற்றுத் தரவுத்தளத்தில் சோதிப்பது

சோதனைக்காக எல்லோரும் எழுதுவது ஒரு சிறிய வலைப்பதிவுதான். புதிய தரவுத்தளத்தில் இரண்டு ஃபிரேம்வொர்க்குகளுமே சுகமாக ஓடும். ஆனால் கையில் வரும் வேலையில் தரவுத்தளம் பெரும்பாலும் முன்பே இருக்கிறது. அதை வடிவமைத்தவர் இவ்விரண்டின் பெயரையும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரு குழு, மொத்த வியாபாரக் கடை ஒன்றின் பழைய பில் தரவுத்தளத்தின்மேல் புதிய செயலி எழுத ஜாங்கோ 4.2-ஐத் தேர்ந்தெடுத்தது. பில் வரிகளின் டேபிளில் பில் எண்ணும் வரி எண்ணும் சேர்ந்துதான் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு). இருக்கும் டேபிள்களைப் படித்து மாடல்களை (டேபிளுக்கு ஈடான பைத்தான் வகுப்புகளை) எழுதித் தரும் இன்ஸ்பெக்ட்டிபி கட்டளை, கூட்டு கீயை ஏற்க முடியாது என்ற குறிப்பை எழுதிவிட்டு, முதல் நெடுவரிசையான பில் எண்ணை மட்டும் கீயாக எடுத்துக்கொண்டது. அந்தக் குறிப்பை எவரும் படிக்கவில்லை. ஒரு வரியை நீக்கச் சொன்னபோது, அந்தப் பில்லின் எல்லா வரிகளும் நீங்கின. நகல் தரவுத்தளம் என்பதால் கடை தப்பியது. எழுதிய நிரலில் பெரும்பகுதி தப்பவில்லை. ஒரே ஒரு உண்மையான டேபிளை வைத்து முதலிலேயே சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும் என்பதுதான் இன்றும் எனக்கு எரிச்சல்.

கூட்டு கீ ரெயில்ஸுக்கு 7.1 பதிப்பிலும் (2023), ஜாங்கோவுக்கு 5.2 பதிப்பிலும் (2025) வந்தது. 5.2-இலும் அத்தகைய மாடலை அட்மின் பக்கத்தில் (தரவைப் பார்க்கவும் திருத்தவும் ஜாங்கோ தானே தரும் பக்கத்தில்) பதிவு செய்ய முடியாது. அதை நோக்கி ஃபாரின் கீயும் (வேறொரு டேபிளிலிருந்து அதன் வரியைச் சுட்டும் இணைப்பும்) வைக்க முடியாது.

இதைக் கேட்டு ரெயில்ஸ் பக்கம் ஓடுகிறவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. பழைய டேபிளில் 'டைப்' என்ற பெயரில் நெடுவரிசை இருந்தால், ரெயில்ஸில் டேபிள்களோடு பேசும் பகுதியான ஆக்டிவ் ரெக்கார்ட் அதைப் பரம்பரை வகுப்பின் (நிரலில் மாடலிலிருந்து கிளைக்கும் வகுப்பின்) பெயராக எண்ணிக்கொள்ளும். 'ரொக்கம்' என்ற மதிப்பைப் படித்துவிட்டு அப்படியொரு வகுப்பு இல்லையே என்று பிழை காட்டும். ஒரே வரியில் இதை அணைத்துவிடலாம், காரணம் தெரிந்திருந்தால். ஆகவே உங்கள் தரவுத்தளத்தில் மிக அலங்கோலமான இரண்டு மூன்று டேபிள்களைத் தேர்ந்து, படித்தல், திருத்தல், நீக்கல் மூன்றையும் இரு பக்கமும் நகலில் செய்து பாருங்கள். வலைப்பதிவு பிறகு எழுதலாம்.

ஹலோ வேர்ல்ட் வேகம்

'ஹலோ வேர்ல்ட்' என்று ஒரு வரி மட்டும் காட்டும் பக்கத்தின் வேகத்தைப் பொருட்படுத்தாதீர்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் சீர்செய்து அளப்பது

தொடர்புள்ள டேபிள்களின் தரவை முன்கூட்டியே சேர்த்து எடுக்க, ரெயில்ஸில் 'இன்க்ளூட்ஸ்' போட்டுவிட்டு, ஜாங்கோவில் அதற்கு ஈடான 'செலக்ட் ரிலேட்டட்' போடாமல் அளந்தால், அளக்கப்படுவது ஃபிரேம்வொர்க் அல்ல, எழுதியவரின் பழக்கம்.

அட்மினுக்காகவே ஜாங்கோ

ஜாங்கோ கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவானது. அதன் அட்மின் பக்கமும் நம்பகமான உள் ஊழியர்களுக்கானது. அதை வாடிக்கையாளரின் முகப்பாக்க முயல்வோர், வளைத்து வளைத்துக் கடைசியில் தனிப் பக்கமே எழுதுகிறார்கள்.

பழைய ஒப்பீட்டை நம்புவது

ஜாங்கோவில் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பின் மாற்றங்களைப் பதிந்து செயல்படுத்தும் வசதி) 2014 முதல் உள்ளேயே இருக்கிறது. ரெயில்ஸ் 8 (2024) உள்நுழைவு நிரலைத் தானே உருவாக்கித் தருகிறது. இரண்டும் இல்லை என்று சொல்லும் அட்டவணையைக் கிழித்துவிடலாம்.