சோர்ஸிலிருந்து பைத்தான்: கன்ஃபிகர் சத்தமில்லாமல் விட்டுவிடுவதைப் பிடிப்பது எப்படி

சர்வர்களுக்கு பைத்தானை சோர்ஸிலிருந்து பில்ட் செய்து கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. டீமுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, எரர் எதுவும் வரல, இன்ஸ்டாலும் ஆயிடுச்சு. ஆனா பிப் எதையும் டவுன்லோட் பண்ண மாட்டேங்குது." (பிப் என்பது பைத்தான் பேக்கேஜ்களை இறக்கித்தரும் டூல்.) எரர் வராததுதான் பிரச்சினையே.

பில்டுக்கு முன் மெஷினில் தேவையானவை இருக்கின்றனவா என்று சோதிக்கும் ஸ்கிரிப்ட்தான் கன்ஃபிகர். கம்பைலர் இல்லையென்றால் அது அங்கேயே நின்றுவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைய இணைப்புக்கு; பிப் மக்கர் செய்வது பெரும்பாலும் இது இல்லாமல்தான்), லிப்எஃப்எஃப்ஐ (சி ஃபங்ஷன்களை அழைக்க), எஸ்க்யூலைட் (குட்டி டேட்டாபேஸ்), ரீட்லைன் (டைப் செய்யும் வரியைத் திருத்த) போன்ற லைப்ரரிகள் இல்லையென்றால் நிற்காது, அவை கட்டாயமில்லையே. ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடும். பைத்தான் 3.11 முதல் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷன் மாட்யூலுக்கும் (சி-யில் எழுதப்பட்ட பைத்தான் பகுதி) எதிரே 'எஸ்' (இருக்கிறது), 'மிஸ்ஸிங்' (இல்லை) என்று எழுதிக்காட்டுகிறது. அதனால் கன்ஃபிகரை ஓட்டும்போதே 'டீ' கமாண்டால் அவுட்புட்டை ஒரு ஃபைலில் பிடித்து, 'மிஸ்ஸிங்' என்று கிரெப் போட்டுத் தேடுங்கள். அடுத்து கம்பைல் செய்யும் 'மேக்' கமாண்ட் முடியும்போதும் விடுபட்டவற்றின் பட்டியல் வரும், ஆனால் அதற்குள் கம்பைல் நேரம் வீண்.

"லைப்ரரிதான் ஏற்கெனவே இருக்கே" என்பார்கள். இருக்கும். ஓடுவதற்கான .எஸ்ஓ ஃபைல் மட்டும் இருக்கும். கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் ஃபைல்கள் டெபியன், உபுண்டுவில் '-டெவ்' என்று முடியும் பேக்கேஜில் தனியாக இருக்கின்றன. ஃபெடோராவில் அது '-டெவெல்'. உபுண்டுவில் சோர்ஸ் ரெப்போவை ஆன் செய்துவிட்டு 'ஆப்ட் பில்ட்-டெப் பைத்தான்3' கொடுத்தால் பெரும்பாலானவை ஒரே மூச்சில் வந்துவிடும்.

அதற்குப் பிறகும் மிஸ்ஸிங் வந்தால் கூகுளுக்கு ஓடாதீர்கள். கன்ஃபிக்.லாக் ஃபைலைத் திறந்து அந்த மாட்யூலின் பெயரைத் தேடுங்கள். கன்ஃபிகர் செய்வது எளிய வேலைதான்: கான்ஃப்டெஸ்ட்.சி என்று ஒரு குட்டி சி புரோகிராம் எழுதி, கம்பைல் ஆகிறதா, லைப்ரரியோடு லிங்க் ஆகிறதா (இணைகிறதா) என்று பார்க்கிறது. தோற்றால், கம்பைலர் சொன்ன எரரும் அதன் கீழே அந்தப் புரோகிராமும், வரிக்கு வரி முன்னால் ஒரு செங்குத்துக் கோட்டோடு, லாகில் கிடக்கும். 'நோ சச் ஃபைல்' என்றால் ஹெடர் இல்லை. ஹெடர் கிடைத்து லிங்க்கில் தோற்றால், லைப்ரரி வேறு டைரக்டரியில் இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும் வெர்ஷன் பழசாக இருக்கலாம்: பைத்தான் 3.10 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 ஆவது வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-இல் வருவது 1.0.2. அங்கே டெவெல் பேக்கேஜை எத்தனை முறை போட்டாலும் பயனில்லை.

குறையைச் சரிசெய்தபின் பழைய பில்ட் டைரக்டரியை அப்படியே அழித்துவிட்டுப் புதிதாக கன்ஃபிகர் ஓட்டுங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் தொல்லை. பில்ட் மெஷினில் தற்செயலாகக் கிடக்கும் லைப்ரரியை கன்ஃபிகர் கேட்காமலே இழுத்து ஒட்டிக்கொள்ளும். புரொடக்‌ஷன் சர்வரில் அது இருக்காது. எக்ஸ்டென்ஷன் .எஸ்ஓ ஃபைல்கள் மேல், எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று காட்டும் 'எல்டிடி' கமாண்டை ஓட்டி, 'நாட் ஃபவுண்ட்' வருகிறதா என்று அந்த சர்வரிலேயே பாருங்கள். வேண்டாததை வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்வது மேல்: ரீட்லைனுக்கு 'வித்அவுட்-ரீட்லைன்' ஆப்ஷன் இருக்கிறது.

என் கணக்கில் நல்ல கன்ஃபிகர், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸினுடையது. ரீட்லைன் இல்லையென்றால் நின்று, "வேண்டாமென்றால் அந்த ஆப்ஷனைக் கொடு" என்று கேட்கும். இணையத்திலிருந்து ஃபைல் இறக்கும் கர்லும் 2021-இல் வந்த 7.77.0 முதல், எந்த டிஎல்எஸ் (இணைப்பைப் பாதுகாக்கும் முறை) லைப்ரரி என்று நீங்கள் சொல்லாமல் நகராது. பைத்தான் அப்படிக் கேட்காது என்பதால் நாமே நிறுத்தவேண்டும். சிஸ்டத்தின் பைத்தானைத் தொடாமல் இன்ஸ்டால் செய்யும் 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' முடிந்ததும், புதிய பைத்தானில் எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட்3, சிடைப்ஸ், எல்இசட்எம்ஏ நான்கையும் இம்போர்ட் செய்யும் ஒரு வரியை பில்ட் ஸ்கிரிப்டின் கடைசியில் சேருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் பில்ட் அங்கேயே ஃபெயில் ஆகட்டும்.