பாட்டில் தேவி வந்தால் உடனே கும்பிட்டுவிடாதீர்கள்

மேற்கத்தியப் பாட்டு வரியில் நிலா, குதிரை, பிடிபடாத பெண் மூன்றும் சேர்ந்து வந்தால் போதும், ‘இது கிறித்தவத்துக்கு முந்தைய தேவி வழிபாடு’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். நானும் கட்டியிருக்கிறேன்.

நான் மாட்டிக்கொண்டது ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ‘ரியானன்’ பாட்டில். ரியானன், வேல்ஸ் பழங்கதையான மாபினோகியில் வருகிறவள். அவள் குதிரை நடக்கிற மாதிரிதான் போகும். எவ்வளவு விரட்டினாலும் எட்ட முடியாது. அவளுடைய பறவைகள் பாடினால் செத்தவர் எழுவார், இருப்பவர் தூங்கிப்போவார். பாட்டிலும் காற்றாய்ப் பறக்கிற பெண்தான். பொருத்தம் பிரமாதம்! ஆனால் அதை எழுதியபோது குழுவின் பாடகி ஸ்டீவி நிக்ஸுக்கு அந்தக் கதையே தெரியாது. ஒரு நாவலில் கண்ட பெயர் பிடித்துப்போய் எழுதினார். 1975இல் பாட்டு வந்தது. பழங்கதை அவர் கைக்கு வந்தது அதற்கப்புறம். மேடையில் அவரே ‘வேல்ஸ் சூனியக்காரியின் பாட்டு’ என்று அறிமுகம் செய்ய, அர்த்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் ‘உள்ளே புராணத்தை ஒளித்துவைத்தார்’ என்று எழுதாதீர்கள். இன்னொன்று, அந்தப் பழங்கதை இருக்கிற 14ஆம் நூற்றாண்டுச் சுவடிகளில் ரியானனைத் தேவி என்று எங்குமே சொல்லவில்லை. அது பிற்கால அறிஞர்களின் ஊகம்.

கன்னி, தாய், கிழவி என்ற முத்தேவி விளக்கத்திலும் இதே சறுக்கல்தான். மூன்றாய் நிற்கும் தேவியர் பழங்காலத்தில் உண்டு. ஆனால் இந்த வயது வரிசையைப் பரப்பியது 1948இல் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதிய ‘வெள்ளைத் தேவி’ என்ற நூல். அதற்கப்புறம் வந்த பாட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம், சரி. முந்தைய நாட்டுப்பாடலில் திணிக்கக் கூடாது. ‘ஜான் பார்லிகார்ன்’ என்ற பழைய ஆங்கில நாட்டுப்பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆளைக் கொன்று புதைக்கிறார்கள், முளைக்கிறான், தாடி வளர்கிறது, வெட்டி அரைத்துக் குடிக்கிறார்கள். பலி கொடுக்கப்பட்ட தெய்வம் என்பார்கள். பார்லி பீராகிற கதையைச் சொல்லும் குறும்பான விடுகதையாகவே எனக்குப் படுகிறது.

பேகன், அதாவது கிறித்தவத்துக்கு முந்தைய வழிபாடு, என்றதும் சாத்தானை இழுப்பதும் தப்பு. சாத்தான் கிறித்தவக் கதையின் ஆள். மற்றவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஒரு சொல்லை நோண்டும் முன் அது சரியாக அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஷாக்கிங் புளூ குழு 1969இல் பாடிய ‘வீனஸ்’ பாட்டில் ‘காடஸ்’ (தேவி) என்று வர வேண்டிய இடத்தில் ‘காட்னஸ்’ என்று கேட்கும். மந்திரமெல்லாம் இல்லை. எழுதிக்கொடுத்த தாளில் எழுத்துப்பிழை. பாடகி அப்படியே பாடிவிட்டார்.