ஐப்பசிக்கு முன்னாடி வீட்டு இன்சூரன்ஸ முடிச்சிருங்க

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் சொந்த வீடு வச்சிருக்கவங்க ஐப்பசி மழைக்கு முன்னாடி இத பாத்துருங்க. 2024 நவம்பர் 20 அன்னைக்கு ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டித் தீத்துருச்சு, அதனால நம்ம தெரு மேடு தண்ணி வராதுன்னு தயவுசெஞ்சு இருக்காதீங்க.

ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனில பாரத் கிருஹ ரக்‌ஷான்னே பேர் சொல்லிக் கேளுங்க, 2021 ஏப்ரல்ல வந்த பாலிசி, வெள்ளம் புயல் சுனாமி எல்லாமே அதுலயே அடங்கிரும், வெள்ளத்துக்குன்னு தனியா தேட வேணாம். தொகை போடுறப்ப எடத்தோட வெலைய சேக்காதீங்க, வீடு இடிஞ்சா திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதான் கணக்கு. கட்டடத்துக்கும் சாமானுக்கும் சேத்து எடுத்தா, கட்டடத்துக்குப் போட்ட தொகைல 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் வீட்டு சாமானுக்கும் தானாவே கவர் ஆகும். நகைய தனியா சேக்கணும், பைக்கு கார் இதுல வராது. உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சு சிமெண்ட் பேந்து விழுறதெல்லாம் தேய்மானம், அதுக்கும் காசு வராது, நம்ம ஊர்ல நெறைய பேர் இத எதிர்பாத்து ஏமாந்துருவாங்க.

லோன் வீடா, பேங்க்ல போட்ட பாலிசி வெறும் கட்டடத்துக்கு மட்டுமான்னு எடுத்துப் படிங்க.

இப்பவே ரூம் ரூமா போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைங்க. தண்ணி உள்ள வந்துருச்சுன்னா செவுத்துல எதுவரைக்கும் ஏறுச்சுங்கற அடையாளத்தையும் போட்டோ எடுங்க, ஒடனே கம்பெனிக்கு சொல்லுங்க, சேதத்த கணக்குப் போட வர்ற இன்சூரன்ஸ் சர்வேயர் பாக்குறதுக்கு முன்னாடி நனஞ்ச மெத்த, பிரிட்ஜ் எதையும் தூக்கிப் போட்றாதீங்க.