ஆப்பில் மத்தேரா மட்டும் காணோம்: என் அனுபவம்

தென் இத்தாலியில் பாரி நகரில் தங்கி புல்யா பகுதியைச் சுற்றிக்கொண்டிருந்தோம். வழிகாட்டி ஆப்பில் 'புல்யா' வரைபடத் தொகுப்பைக் கிளம்பும் முன்பே இறக்கி வைத்திருந்தேன். அல்பெரோபெல்லோ, ஓஸ்தூனி இரண்டிலும் நெட் இல்லாமலே வழி காட்டியது. மத்தேரா என்ற ஊர் மட்டும் வரவில்லை. ஓட்டல் வைஃபையில் தேடினால் உடனே வரும். நெட்டை அணைத்தால் 'முடிவுகள் இல்லை'.

ஆப்பின் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்தேன். தொகுப்பை நீக்கி மறுபடி இறக்கினேன், அதுவும் இரண்டு முறை. இடம் போதவில்லையோ என்று போட்டோக்களை வேறு அழித்துத் தொலைத்தேன். இரண்டு மாலை இதிலேயே போயிற்று.

துப்பு கிடைத்தது ரயிலில். பாரியிலிருந்து மத்தேரா போகும் சிறிய ரயில் அல்தமூரா வழியாகப் போகிறது. அந்த ஊர் வரை ஒவ்வொரு தெருவும் தெரிந்தது. கொஞ்சம் தாண்டியதும் சாலைகள் எல்லாம் கத்தரித்தாற்போல் நின்றன. அப்புறம் வெறும் சாம்பல் நிறம், நடுவில் நம் நீலப் புள்ளி. அது பிராந்திய எல்லை! மத்தேரா புல்யாவிலேயே இல்லை, பசிலிக்காத்தாவில் இருக்கிறது. பயணிகள் இரண்டையும் சேர்த்தே பேசுவதால் எனக்குத் தோன்றவே இல்லை.

மிச்சமிருந்த டேட்டாவில் 'பசிலிக்காத்தா' தொகுப்பை இறக்கினேன். சரியாகிவிட்டது. தொகுப்புப் பட்டியலில் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள், பிராந்தியப் பெயரைத் தேடுங்கள்.

இன்னொன்று: மத்தேராவில் சாஸி என்கிற குகை வீட்டுப் பகுதியில் பல இடங்களில் ஒரு வீட்டின் கூரைதான் மேல் வீட்டுக்குத் தெரு. புள்ளி 'வந்துவிட்டீர்கள்' என்றாலும் நீங்கள் தேடும் வாசல் இரண்டு படிக்கட்டு கீழே இருக்கலாம்.